லயத்தில் கூடிய சங்கம்

எங்கள் சங்கத்துக்கு ஆண்டு நிறைவு என்று ஒரு மலர் போட்டார்கள். வழவழப்பான தாள். தலைவர்கள் மாலையோடு நிற்கும் படங்கள், துப்பாக்கி சுடும் போட்டியில் கோப்பை வாங்கும் படங்கள், விருந்தில் வாய் நிறையச் சிரிக்கும் படங்கள். முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை புரட்டினேன். என் பெயர் எங்கும் இல்லை. கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று முழுக்கப் பொருமிவிட்டு, அவர்கள் விட்டதை நான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர்கள் என் பெயரைப் போடவில்லை. நான் இதில் யார் பெயரையும் போடப் போவதில்லை.

இலங்கை மலைநாட்டின் ஊவாப் பகுதிப் பொலிஸ் நிலையங்களின் பொறுப்பதிகாரிகளுக்கென்று இருந்த சங்கம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அதில் சேர்ந்தபோது, பதுளைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன நிலையத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பொலிஸ்காரன் கொடி பிடிக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆகவே சங்கம் என்றால் மாதம் ஒருமுறை கூடுவது, மாடு திருடுகிறவன் எந்தப் பக்கம் ஓடினான் என்று பேசிக்கொள்வது, யாராவது ஒரு டாக்டரையோ வக்கீலையோ அழைத்து வந்து பேசச் சொல்லித் தூங்குவது, பிறகு சாப்பிடுவது. நல்ல காரியங்களும் நடந்தன. வேலையில் இறந்துபோன கான்ஸ்டபிளின் மனைவிக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அதையெல்லாம் மலரில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சங்கத்துக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கூட்டம் முறை வைத்து நடக்கும். யார் முறையோ அவர் தன் பகுதியில் இடம் சொல்வார், சாப்பாடு போடுவார். வெலிமடைக்காரர் முறை வந்தால் எல்லோரும் ஆளுக்கொரு பை உருளைக்கிழங்கோடு வீடு திரும்புவோம். ஒருவர் அருவிக்கரையில் கூட்டம் வைத்து எங்கள் காலையெல்லாம் அட்டைக்குக் கொடுத்தார். அப்போதும் யாரும் இடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஏனென்றால் இடம் சொல்வது முறைக்காரரின் உரிமை. மற்ற வழக்கம், ஓர் உறுப்பினர் மேல் வெளியார் யாராவது மனத்தாங்கல் சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு அந்த வெளியாரை விருந்தாளியாக அழைப்பார்கள். உறுப்பினர் எழுந்து நின்று வருத்தம் தெரிவிப்பார். கை தட்டுவார்கள். பிறகு சாப்பாடு. பண்டாரவளையில் ஒருவர், தோட்டத்தை நடத்தும் ஒரு துரையின் நாயைத் தெரு நாய் என்று நினைத்துப் பிடிக்கச் சொன்னதற்காக இப்படி நின்றிருக்கிறார்.

எனக்கு வந்த வினை நாயால் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பாதையால் வந்தது.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் பொலிஸ் ஜீப் போவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் துரையின் பங்களா. அங்கே பிரம்பு நாற்காலியில் உட்கார வேண்டும். வெள்ளைத் துணி போட்ட தட்டில் தேநீர் வரும். என்ன நடந்தது, யார் கெட்டவன், யாரைப் பிடிக்க வேண்டும் என்று துரை சொல்வார். அதற்குப் பிறகுதான் கீழே, தொழிலாளரை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்களத்துக்கு ஆளைக் கூப்பிடுவார்கள். ஜீப் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பங்களாப் பக்கம் திரும்பினால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். எல்லா நிலையத்திலும் இப்படித்தான். நானும் பயிற்சியில் இதைக் கற்கவில்லை, முதல் வாரத்திலேயே சார்ஜன்ட் சொல்லித் தந்தார். என் அம்மா பூனாகலையில் லயத்தில், தோட்டத்துக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா பதுளைக் கடைவீதியில் துணிக்கடையில் நின்றவர். தோட்டத்துத் தமிழரில் பலருக்கு இல்லாத குடியுரிமை எங்களுக்கு எப்படியோ கிடைத்ததால் எனக்குத் தொப்பி கிடைத்தது. அந்தத் தொப்பியோடு பங்களாவில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம் அம்மாவின் லயம் நினைவுக்கு வரும். ஆனாலும் குடித்தேன்.

மார்கழி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஒரு தோட்டத்துத் துரை தொலைபேசியில் அழைத்தார். நம் நாட்டுத் துரைதான், வெள்ளைக்காரர் போன பிறகு வந்தவர். ஒரு பெண் லயத்து அறையைக் காலி செய்ய மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள், கூரையைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன், கலாட்டா வராமல் நாலு பேர் வந்து நில்லுங்கள், மேலே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்றார். வெளியே மழை சோ என்று கொட்டுகிறது. மழையில் கூரையைக் கழற்ற நான் காவல் நிற்க வேண்டுமாம். அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் டிரைவர் பழக்கத்தில் பங்களாப் பக்கம் திருப்பப் போனான். "லயத்துக்கு விடு" என்றேன். அவன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான்.

லயத்துக்கு முன்னால் ஜீப் நின்றதும் கூரைமேல் இருந்த காவல்காரன் பதறி இறங்கினான்.

"ஐயா, ஜீப்பு தப்பா வந்திருச்சுங்க. தொரை பங்களா அந்தப் பக்கமுங்க."

"தெரியும்" என்றேன்.

பாதிக் கூரை போயிருந்தது. கழற்றிய தகரங்களை ஏற்கெனவே ஸ்டோருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே ஒரு பெண் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இருவர் கட்டிலுக்கடியில் இருந்தார்கள். தண்ணீர் அடுப்புச் சாம்பலைக் கரைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. அவள் கணவன் போன வருஷம் இறந்துபோனவன். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையை எல்லோர் முன்னாலும் எதிர்த்துக் கேட்டாள் என்று அவளுடைய பெயரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் பெயர் வெட்டினால் வேலை இல்லை, வேலை இல்லாதவளுக்குக் காம்பரா என்கிற லயத்து அறையும் இல்லை. அறையைப் புதிதாக வந்த காவல்காரனுக்குக் கொடுக்கத் தீர்மானித்திருந்தார்கள்.

"வெளிய வாம்மா, நனையிறே" என்றேன்.

"வரமாட்டேங்க. நான் வெளிய வந்தா அப்பறம் உள்ள விடமாட்டாங்க. கழட்டணும்னா என்னையும் சேத்துக் கழட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்று காவல்காரனைக் கேட்டேன். துரை உத்தரவு இருக்கிறது என்றான். துரை எப்போது கோர்ட் ஆனார் என்று கேட்டேன். ஏணியை எடுக்கச் சொன்னேன். அங்கேயே, பக்கத்து அறையின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, அவள் முறைப்பாட்டை அவள் சொன்ன தமிழிலேயே பதிந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு உள்ளங்கையில் சீனியும் மறுகையில் சாயத்தண்ணித் தேநீருமாக வந்து நின்றாள். வாங்கிக் குடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பங்களாவிலிருந்து ஓர் ஆள் குடையோடு ஓடி வந்து, தேநீர் ஆறுகிறது, துரை காத்திருக்கிறார் என்றான். "இங்கேயே குடிச்சாச்சுன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

வழக்குப் போட்டாயிற்று. ஆனால் வழக்கு தகரத்தைக் கொண்டுவராது. முதல் தவணைக்கே மாதங்கள் ஆகும். லயத்துப் பெண்கள் மானாப்புல்லும் கொழுந்துச் சாக்குமாக ஏதோ மூடிக் கொடுத்தார்கள். அது தூறலைத் தாங்கும், மழையைத் தாங்காது. நான் தினமும் ஒரு கான்ஸ்டபிளை அந்தப் பக்கம் அனுப்பினேன், மீதித் தகரத்தையும் கழற்றிவிடாமல் இருக்க. அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. என்னை மாற்றிவிட்டால் அந்தக் கான்ஸ்டபிளும் போகமாட்டான், அவள் தெருவுக்கு வந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். துரைக்கும் தெரியும்.

அந்த மாதக் கூட்டம் பண்டாரவளையில். துரைமாரின் கிளப்பில்தான் எங்கள் ஆண்டு விருந்து நடக்கும், மண்டபம் இலவசம், குடி வகைகளும் அப்படியே. கூட்டத்துக்கு முன்பே அந்தக் கிளப்பில் வைத்து எங்கள் தலைவரின் காதில் துரை போட்டுவிட்டார். தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, சிங்களவர், நிமிர்ந்து உட்காருகிற மனிதர். வழக்கம் என்றால் அவருக்கு உயிர்.

"தோட்டத்துக்குள் போனவர் நிர்வாகியைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார். கூப்பிட்டும் போகவில்லை. இது அவமரியாதை என்று மனத்தாங்கல் வந்திருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். "அடுத்த கூட்டத்தில் வருத்தம் தெரிவித்துவிடுங்கள். அதோடு முடிந்துவிடும்."

"கூரையைப் பற்றி மனத்தாங்கல் எதுவும் வரவில்லையா, சேர்?"

"அது கோர்ட் விஷயம்."

சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் கூரையைப் பார்த்தார், அவர் தலைக்கு மேல் இருந்த பண்டாரவளைக் கூரையை. இன்னொருவர் சிகரெட்டைத் தேடினார். இவர்களில் பலர் தனியே பேசும்போது, பங்களாத் தேநீர் கசக்கிறது என்று என்னிடம் சொன்னவர்கள்தான். சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்த இன்ஸ்பெக்டர், என்னைத் தவிர அங்கிருந்த ஒரே தமிழர். மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"ஓமெண்டு சொல்லிப்போட்டு இரும் ஐசே. உமக்கேன் இந்த வில்லங்கம்?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அடுத்த கூட்டம் என் முறை.

"ஆகட்டும் சேர். அடுத்த கூட்டம் நான் நடத்துவது. இடத்தை நானே சொல்லலாமல்லவா?"

"அது உங்கள் உரிமை" என்றார் தலைவர்.

"அப்படியானால் அந்தத் தோட்டத்து லயத்தில் வைக்கிறேன். அந்தப் பெண்ணின் அறைக்கு முன்னால். மனத்தாங்கல் சொன்னவரையும் வழக்கப்படி அழையுங்கள்."

வெலிமடைக்காரர் மட்டும் இருமுவதுபோலச் சிரித்தார். தலைவரின் முகம் சிவந்தது. ஆனால் அருவிக்கரைக்கே மறுப்புச் சொல்லாத சங்கம் லயத்துக்கு எப்படி மறுப்புச் சொல்லும்? வழக்கத்தை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. "எழுதிக்கொள்ளுங்கள்" என்று செயலாளரிடம் சொன்னார். வெளியே வந்ததும் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு விசர் பிடிச்சிட்டுது காணும். தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பப் போறாங்கள்."

"அனுப்பட்டும். அதுக்கு முன்னாடி எல்லாரும் வந்து அந்தக் காம்பராவுக்குள்ள நின்னு நனையட்டும்."

துரைக்கு அழைப்புப் போனது. ஊவாவின் நிலையப் பொறுப்பதிகாரிகள் எல்லோரும் ஜீப்பில் வந்து, தோட்டத்து லயத்தில், கூரையில்லாத அறைக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். கிளப்பில் தன் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவர்களுக்குக் கதவைச் சாத்தவும் முடியாது, அந்த அறையைக் காட்டவும் முடியாது. கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் என் கான்ஸ்டபிள் மூச்சிரைக்க வந்து, ஸ்டோர் லொறியில் தகரம் வந்து இறங்குகிறது என்றான். பழைய தகரம்கூட இல்லை, புதுசு. ஆணி அடிக்கிற சத்தம் ஃபாக்டரி வரை கேட்டதாம். நான் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கூட்டத்தன்று வானம் வெளுத்திருந்தது. ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக லயத்துப் பாதையில் இறங்கின. மலையில் கொழுந்தெடுத்தவர்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள், கங்காணி கத்தியும் யாரும் குனியவில்லை. இஸ்தோப்பில் வாங்குப் பலகைகளும், பாடசாலையில் இரவல் வாங்கிய நாற்காலிகளும். லயத்துப் பெண்கள் ரொட்டி தட்டினார்கள், உறைக்க உறைக்கச் சம்பல் அரைத்தார்கள். தலைவர் முதலில் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தரை இன்னும் ஈரம். சுவரில் தண்ணீர் இறங்கிய கோடுகள் அப்படியே இருந்தன. அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

துரை காரில் வந்தார். கூரையைப் பார்த்து, தோட்டத்தில் திருத்த வேலை நடப்பதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலின்மேல் கால் போட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லிப்போட்டு விடும்" என்றார் செயலாளர் என் காதில். "கூரை வந்திட்டுதுதானே. நீர் நினைச்சது நடந்திட்டுது. இனி ஒரு சொல்லு. ஒரு சொல்லுத்தானே ஐசே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ரொட்டி சாப்பிட்டிருக்கலாம். நிலையத்தையும் காப்பாற்றியிருக்கலாம். எழுந்து நின்றேன், சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. அந்தப் பெண் புதுத் தகரத்துக்குக் கீழே வாசலில் நின்றிருந்தாள். லயம் முழுவதும் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தது. லயத்துக்கு நேரே வந்ததற்காக நான் வருத்தம் தெரிவித்தால், பொலிஸ் லயத்துக்கு வந்ததே தப்பு என்று நானே இவர்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு இவர்களில் ஒருத்தி நிலையத்துக்கு எப்படி வருவாள்?

முதலில் தமிழில் சொன்னேன், அவர்களுக்குக் கேட்கிற மாதிரி. பிறகு சிங்களத்தில் சொன்னேன்.

"நான் அன்னைக்கு நேரா இங்கதான் வந்தேன். நாளைக்குக் கூப்பிட்டாலும் நேரா இங்கதான் வருவேன். இதுல வருத்தப்பட எனக்கு ஒண்ணும் இல்ல."

யாரும் கை தட்டவில்லை. துரை எழுந்து காருக்குப் போனார். தலைவர் எழுந்து, கூட்டம் முடிந்தது என்றார். பலர் சாப்பிடாமலேயே ஜீப் ஏறினார்கள். வெலிமடைக்காரர் மட்டும் உட்கார்ந்து நாலு ரொட்டி தின்றார். செயலாளர் என்னோடு பேசவே இல்லை, ஆனால் போகும்போது சம்பலைக் கொஞ்சம் இலையில் சுற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்திலேயே என் பெயரை நீக்கிவிட்டார்கள். மாற்றல் உத்தரவும் கையோடு வந்தது. மொனராகலைக்கும் அப்பால், யானை வந்து நிலையத்து வேலியை மிதிக்கிற ஊர். தண்ணியில்லாக் காடு என்று கேலிக்குச் சொல்வார்கள். அங்கே உண்மையாகவே தண்ணீரைப் பவுசர் லொறியில் கொண்டுவந்தார்கள். என் மனைவி சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "மன்னிப்புக் கேட்டுட்டு வந்து நின்னிருந்தா நான் சோறு போட்டிருக்க மாட்டேன்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வழக்கு மட்டும் விழாமல் நின்றது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அவளை வாபஸ் வாங்கச் சொல்லிப் பார்த்தாராம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அவள் அறைக்கே போய், கூரைதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு வழக்கு என்று கேட்டாராம். அவள் அசையவில்லை. சாட்சி சொல்ல எனக்கு அழைப்பாணை வந்தபோது விடியற்காலை பஸ் பிடித்துப் பதுளைக் கோர்ட்டுக்குப் போனேன். கூண்டில் காவல்காரனோடு துரையும் நின்றார். அவளுக்கு இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அவள் வந்திருந்தாள்.

துரையின் வக்கீல் எழுந்து சமாதானம் பேசினார். வேலையைத் திரும்பக் கொடுக்கிறோம், அறையை அவள் பெயரிலேயே விடுகிறோம், முறைப்பாட்டை விட்டுவிடட்டும் என்றார். நீதவான் அவளிடம் கேட்கச் சொன்னார். கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்பவரை முதலியார் என்போம். அவர் தமிழில் கேட்டார்.

"சரிங்க" என்றாள் அவள். "ஆனா மழையில என் பிள்ளைகள நனைய வச்சது தப்புன்னு தொரை சொல்லணும். அது சொல்லாம நான் விடமாட்டேன்."

வக்கீல் துரையைப் பார்த்தார். துரை கோர்ட்டின் கூரையைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், நேர்ந்துவிட்ட அசௌகரியத்துக்காகத் தான் வருந்துவதாகச் சொன்னார். முதலியார் அதை நல்ல இலக்கணத் தமிழில் அவளுக்கு ஒப்பித்தார். அவள் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

"திருப்திதானே?" என்றார் முதலியார்.

"இல்லீங்க. தொரைக்குத் தமிழ் நல்லாத் தெரியும். பெரட்டுல எங்கள வையிறப்ப உங்களக் கூட்டிவச்சுக்கிட்டா வையிறாரு? வையிற பாஷையிலேயே சொல்லச் சொல்லுங்க."

முதலியார் தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் நீதவானிடம் சொன்னார். கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, துரையின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

துரை கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தப்பாப் போச்சு" என்றார்.

"சத்தமா" என்றாள்.

"கூரையக் கழட்டுனது தப்பு. மன்னிச்சுக்க."

"போதுங்க" என்றாள் அவள் நீதவானைப் பார்த்து. வெளியே வந்ததும் என்னைக் கும்பிட்டுவிட்டு, பின்னேரக் கொழுந்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி பஸ் நிலையத்துப் பக்கம் வேகமாக நடந்தாள்.